“கொஞ்சம்தானே மிஸ்”: கோதுமை சாப்பிட முடியாத மகளோடு மட்டக்களப்பில் நான்கு நாள்

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில், ஒரு புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை வரை, நாங்கள் மூவரும் மட்டக்களப்புக்குப் போய் வந்தோம். என் கணவர் சுதன் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவர். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதிய பிரதி ஒன்று அங்கே பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. “தனியாகப் போய் என்ன செய்ய, மதுராவுக்கு வாவியைக் காட்டலாமே” என்றார். எங்கள் மகள் மதுராவுக்கு ஒன்பது வயது. வாவியில் முதலை இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

மதுராவுக்கு சீலியாக் நோய். இது ஒவ்வாமை இல்லை, நாக்கு ருசிக்காகப் பிடிக்கும் அடமும் இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவளுடைய உடம்பு தன் குடலையே தாக்கத் தொடங்கும். மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் வழி, அதுவும் ஒரு கிள்ளுகூட இல்லாமல். மூன்று வருடமாக வீட்டில் பாண் இல்லை, கோதுமை மா இல்லை. வெளியூர்ப் பயணமும் இல்லாமல் இருந்தது. இதே நோயுள்ள பிள்ளையோடு கிழக்குப் பக்கம் போக நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குப் பிறகு புறப்படும் ரயிலில் போனோம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. பகல் உணவாகத் தேசிக்காய்ச் சோறும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வடைக் கூடைகள் ஏறி இறங்கின. மதுரா அந்த நேரங்களில் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாகப் பழகிக்கொண்டது. எதிரே இருந்த அம்மா ஒருவர் கிரீம் பிஸ்கட் நீட்டினார். விளக்கம் சொன்னேன். “பாவம், ஒண்டே ஒண்டு குடுங்கோ, என்ன ஆகப்போகுது” என்றார். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போய்விட்டது. சிரித்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பிற்பகல் 3.25க்கு மட்டக்களப்பில் இறங்கினோம். அங்கிருந்து தங்குமிடத்துக்கு ஓட்டோவில் ஐந்து கிலோமீற்றர், 500 ரூபா. வாவிக்கரையோரமான, புதிதாகக் கட்டிய, அழகான இடம். காலை உணவோடு ஓர் இரவுக்கு 16,000 ரூபா. பெயர் எழுதவில்லை. அவர்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை. பெயரைப் போட்டால் “அந்த இடம்தான் மோசம், மற்றதெல்லாம் சரி” என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

அறை பதிவு செய்வதற்கு முன் இரண்டு தடவை தொலைபேசியில் பேசினேன். எது கூடாது, எது கூடும், ஏன் வேறு பாத்திரம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மனேஜர் கட்டை விரலை உயர்த்திப் பதில் போட்டார். “எங்களுக்கு இதெல்லாம் பழக்கம் மிஸ். குளூட்டன் ஃப்ரீ கெஸ்ட்மார் நிறையப் பேர் வாறவங்க.” போய் இறங்கியதும் அதே பக்கத்தை அச்சடித்து நேரிலும் அவர் கையில் கொடுத்தேன். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முதல் இரவு வெறும் சோறும், நாங்கள் கொண்டுபோன பருப்பும். அறையிலேயே சின்ன ரைஸ் குக்கரில் சமைத்தோம். அடுத்த நாள் வியாழக்கிழமை காலை 7.45க்குச் சாப்பாட்டு மேசையில் வெள்ளை வெளேரென்று இடியப்பம் வந்தது. சொதி, தேங்காய்ச் சம்பல். கொண்டுவந்து வைத்த இளைஞரிடம் கேட்டேன்.

“தம்பி, இது தனி அரிசி மாவா?”

“ஓம் மிஸ், அரிசி மாதான்.”

“கோதுமை மா கொஞ்சமும் கலக்கேல்லையே?”

“இல்ல மிஸ்.”

“குசினிக்குள்ள ஒருக்காக் கேட்டுக்கொண்டு வாறீங்களா?”

அவர் கதவு வரை போனார், உள்ளே எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். “கேட்டன் மிஸ். பிரச்சினை இல்ல.”

மதுரா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். நான்தான் தலையசைத்தேன். வெளியே ஒரு மேசையில், மற்றவர்கள் சாப்பிடுவதையே தானும் சாப்பிடக் கிடைத்த சந்தோசத்தில் மூன்று இடியப்பம் சாப்பிட்டாள்.

9.30க்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் இயந்திரப் படகு ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்கு 6,000 ரூபா. படகோட்டி அந்தோனி அண்ணன், ஐம்பது வயதிருக்கும், பேச்சுக்காரர். கண்டல் காட்டுக்குள் படகை மெதுவாக விட்டு, எந்த வேரடியில் முதலை வெயில் காயும் என்று மதுராவுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். அவள் எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே கால் போல் உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, வயித்துக்குள்ள என்னமோ செய்யுது” என்றாள். எனக்கு அந்தக் குரல் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் படகின் ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தாள். பிறகு இன்னொரு தடவை. பிறகு வெறும் தண்ணீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மடியில் சுருண்டாள், உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

“போட்டக் கிறுக்குறன் தங்கச்சி, பயப்பிடாதீங்க” என்று அந்தோனி அண்ணன் படகைத் திருப்பினார். “புள்ள காலையில என்ன திண்டது?”

“இடியப்பம் அண்ணை. தனி அரிசி மா எண்டு சொன்னவங்கள்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “வெள்ளை வெளேரெண்டு இரிந்ததா?”

“ஓம்.”

“தனி அரிசி மாவில அவ்வளவு வெள்ளையும் வராது, அவ்வளவு மெதுவும் வராது தங்கச்சி. எங்கட வீட்டிலயும் கோதுமை மா கலந்துதான் அவிக்கிற. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே.”

எல்லாருக்கும் தெரிந்த விசயம். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் கடை இடியப்பத்தைத் தொடவே மாட்டேன். மூன்று தடவை கேட்டும் கோதுமை இல்லையென்றே சொன்ன ஒரு வாயை நம்பினேன், அவ்வளவுதான்.

கரையில் அந்தோனி அண்ணனே தெரிந்த ஓட்டோக்காரரைக் கூப்பிட்டார். வழியில் நாவற்குடாவில் ஒரு ஃபார்மசியில் உப்புச் சீனிக் கரைசல் பைக்கற்றுகள் வாங்கினோம். அறைக்கு வந்தும் மதுரா நாலைந்து தடவை கழிவறைக்கு ஓடினாள். பன்னிரண்டரைக்கு ஒருவாறு உறங்கினாள். சுதனை அவள் பக்கத்தில் இருத்திவிட்டு நான் கீழே இறங்கினேன்.

மனேஜரிடம் போகவில்லை. நேரே குசினிக்குள் போனேன். சமையற்கார அக்கா ஒருவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பெயர் யோகா. கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். “அரைவாசி அரிசி மா, அரைவாசி கோதுமை மா மிஸ். எப்பவும் அப்பிடித்தான். ஏன், என்ன நடந்தது?”

நடந்ததைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ஐயோ. எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லையே. காலையில பொடியன் எட்டிப்பாத்து ‘இடியப்பம் முடிஞ்சிதா’ எண்டுதான் கேட்டவன்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. “போன மாசம் வெள்ளைக்காரப் பொம்புளை ஒராள் இதே வருத்தத்தோட வந்தவ. அவவுக்கு எண்டு புதுச் சட்டி, புது இடியப்ப உரல் எல்லாம் வாங்கித் தந்தாங்க. நாலு நாளும் தனியாத்தான் சமைச்சன். அந்தச் சாமானெல்லாம் இந்த அலுமாரிக்குள்ளதான் இரிக்கு.”

அலுமாரியைத் திறந்தும் காட்டினார். சட்டி மினுமினுவென்று இருந்தது.

அதற்குள் மனேஜர் வந்துவிட்டார். விருந்தினர் குசினிக்குள் வரக்கூடாது என்றார் முதலில். பிறகு, “கொஞ்சம்தானே மிஸ் கலந்திரிக்கும்” என்றார்.

“இந்தச் சட்டியை ஏன் என்ர பிள்ளைக்கு எடுக்கேல்லை?”

“அவங்க ஃபொரினர்ஸ் மிஸ். அவங்களுக்கு அந்த வருத்தம் இரிக்கிறதுதான். ரிவியூவும் எழுதுவாங்க. நம்மட ஆக்களுக்கு அப்பிடி ஒண்ணும் வாறல்லையே. நாமெல்லாம் பாணும் பராட்டாவும் திண்டு வளந்த ஆக்கள்தானே.”

நான் குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அன்று உயர்த்தினேன். மேலே படுத்திருக்கும் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை, அவளுடைய குடலுக்குத் தமிழ் தெரியுமா இங்கிலீசு தெரியுமா என்று கேட்டேன். என் மொழியில், உங்கள் மொழியில், ஒரு பக்கம் எழுதித் தந்தேனே, அதை ஏன் பத்தடி தூரத்திலுள்ள இந்த அக்காவிடம் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர், “இரவுச் சாப்பாடு ஃப்ரீயாத் தாறம் மிஸ்” என்றார். சாப்பாட்டால் வருத்தம் வந்த பிள்ளைக்கு, நட்டஈடாகச் சாப்பாடு.

வெள்ளிக்கிழமை காலை மதுரா எழும்பினாள், ஆனால் முகத்தில் இரத்தமில்லை. சுதன் தனியே களுவாஞ்சிக்குடிக்குப் போவதாகச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு நிமிடம் கூட இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, எனவே மூவரும் வான் பிடித்துப் போனோம். ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், முக்கால் மணி நேரம். தேற்றாத்தீவு தாண்டும்போது கண்ணைத் திறந்து தென்னந்தோப்பைப் பார்த்தாள், மறுபடி சாய்ந்துகொண்டாள். செயலகத்தில் வேலை முடியப் பன்னிரண்டாகிவிட்டது. நான் கொண்டுபோன சோறு அவளுக்கு இறங்கவில்லை. முட்டை வேண்டும் என்றாள்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நடத்துவது ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும். நான் வழக்கம்போலத் தொடங்கினேன்: கோதுமை மா பட்ட எதுவும் கூடாது, அதே எண்ணெய், அதே அகப்பை என்றாலும் கூடாது. அவர் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். இடையில் குறுக்கிடவில்லை. பிறகு சொன்னார்:

“ஏலா தங்கச்சி. பொரிக்கிற எண்ணெய் ஒண்ணுதான், ரோல்ஸும் அதுக்குள்ளதான். சோத்துக்குள்ள ஒண்ணும் இல்ல, எண்டாலும் அகப்பை எல்லாத்துக்குள்ளயும் போய் வாறது. மசாலாத்தூளுக்குள்ள என்ன இரிக்கு எண்டும் எனக்குத் தெரியா. நம்மட கடையில புள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்துபோனார், கோபித்துக்கொண்டேன் என்று. இல்லை அக்கா, மூன்று நாளில், பிள்ளை வாயில் வைப்பதற்கு முன்பே எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் இதுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “முட்டை அவிச்சுத் தரவா? தேத்தண்ணிக் கேத்தலுக்குள்ள தண்ணியத் தவிர வேறொண்ணும் போறல்ல” என்றார். இரண்டு முட்டை, ஒரு சீப்புக் கதலி, பக்கத்துக் கடையிலிருந்து மூடி பிரிக்காத சட்டியில் எருமைத் தயிர். வீட்டிலிருந்து கொண்டுபோன கரண்டியால் மதுரா மெதுவாகச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடியும்வரை அந்த அம்மா எங்கள் மேசையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இடியப்பம், பிட்டு, குரக்கன் பிட்டு மூன்றையும் யார் சத்தியம் செய்தாலும் வெளியே சாப்பிடக் கொடுக்காதீர்கள், மூன்றிலும் கோதுமை மா கலப்பது சர்வசாதாரணம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா இருக்கும், ஆகவே சாம்பாரும் ரசமும் சந்தேகத்துக்குரியவை. சோயாமீற், சோயா சோஸ், மோல்ட் பானங்களும் அப்படித்தான். பொரித்த மீனும் இறாலும் மாவில் பிரட்டப்பட்டிருக்கலாம், பிரட்டாவிட்டாலும் எண்ணெய் பொதுவானது. கொத்துரொட்டி போடும் தட்டில் சோறு வறுத்தாலும் அது கொத்துரொட்டிதான். சின்ன ரைஸ் குக்கர், ஒரு சட்டி, சொந்தக் கரண்டி, உங்கள் மசாலாத்தூள் நான்கையும் பையில் வையுங்கள். முட்டை, வாழைப்பழம், தயிர், இளநீர் எங்கும் கிடைக்கும். அறை பதியும்போது மனேஜரோடு பேசி நிறுத்திவிடாதீர்கள். சமைப்பவரின் பெயரைக் கேளுங்கள், அவரோடு நேரே பேசுங்கள். “கோதுமை மா இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். “எப்படிச் செய்யிறீங்க, என்னென்ன போடுவீங்க?” என்று கேளுங்கள். நான் அன்று அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

மதுராவுக்கு வயிறு சரியாக இரண்டு வாரம் எடுத்தது. பள்ளி தொடங்கி முதல் மூன்று நாளும் போகவில்லை. அந்தக் “கொஞ்சம்” செய்த வேலை அது.

வீடு வந்து மூன்றாம் நாள் நடந்ததை அப்படியே கூகிளில் ரிவியூவாக எழுதினேன். அடுத்த நாளே மனேஜர் அழைத்தார். சீசன் நேரம், முதலாளி கோபமாக இருக்கிறார், அதை எடுத்துவிட்டால் அடுத்த தடவை இரண்டு இரவு இலவசம் என்றார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

“எடுக்கிறன்” என்றேன். “உங்கட கூகிள் பக்கத்தில, எங்களுக்கு இப்படிச் சமைக்கத் தெரியாது, தயவுசெய்து நம்பி வராதீங்கோ எண்டு ஒரு வரி போடுங்கோ. போட்ட உடனே எடுக்கிறன்.”

“அது எப்பிடி மிஸ் போடுற? ஹோட்டலுக்குக் கூடாத பேர் வந்திடுமே” என்றார்.

ரிவியூ இன்னும் அங்கேயே இருக்கிறது.