எம்புள்ளைக்குத் தக்ளி வேண்டாங்க

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தக்ளி வந்தது. பம்பரத்தின் தலையில் கம்பி முளைத்த மாதிரி இருக்கும். பஞ்சை அதில் மாட்டிச் சுழற்றிவிட்டால் நூலாக இறங்கும். தினமும் கடைசிப் பாடம் நூற்பு, எல்லாப் பிள்ளைகளும் நூற்கவேண்டும் என்று கதர் கட்டிய எங்கள் வாத்தியார் சொல்லிவிட்டார்.

கணக்கில் நான் மக்கு. செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் வாய் திறக்காது. யாராவது ஏறிட்டுப் பார்த்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டும். தக்ளியில் மட்டும் என்னை யாரும் மிஞ்சவில்லை. எங்களுடையது தறிவீடு. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றி, அதை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவுக்குக் கொடுப்பதைத் தார் சுற்றுவது என்போம். விவரம் தெரிந்த நாளாய் எனக்கு அதுதான் வேலை. மற்றப் பிள்ளைகள் அறுந்த நூலை எச்சில் தொட்டுத் திரித்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் முடிச்சுப் போட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பார்க்க அதிகாரி வரும்போது நான்தான் முன்னால் உட்கார்ந்து நூற்கவேண்டும் என்று வாத்தியார் ஒருநாள் சொன்னார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் அதைச் சொன்னேன். தறிக்குழியில் நெய்துகொண்டிருந்த அப்பா மிதியை நிறுத்தினார். மறுநாள் நூற்பு நேரத்தில், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது பள்ளிக்கூடந்தானுங்களே?"

"பின்னே சந்தையா? உள்ள வாங்க."

"இல்லீங்க, நூலுக்குத் தப்பிப் போவட்டும்னு அனுப்புனேன். இங்கயும் நூலத்தான் குடுத்து உக்கார வெச்சிருக்கறீங்க."

இது தேசத்துக்கான காரியம், ஏழை பணக்காரன் எல்லோரும் செய்யவேண்டியது என்று வாத்தியார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வக்கீலூட்டுப் பையன் நூக்கட்டுமுங்க, அவன் கைக்கும் ஒரு வேலை வேணுமில்ல. எம்புள்ளைக்குத் தக்ளி வேண்டாங்க. அந்த நேரத்துக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க, சாமி."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. பெற்றவர் வேண்டாம் என்றால் தான் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லி, என் கையிலிருந்த தக்ளியை வாங்கி வக்கீல் வீட்டுப் பையனிடம் கொடுத்தார். எனக்கு ஒரு பாடப் புத்தகம் வந்தது. சுவர் ஓரம் பார்த்து உட்கார்ந்தேன். "தறியூட்டுக்காரிக்கு நூலு ஆவாதாமா" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எழுத்தெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவள் கணக்கு வேறாக இருந்தது. "அங்க சும்மா குந்தியிருக்கற நேரத்துக்கு ஊட்டுக்கு வந்தா நாலு தார் சுத்துவாளே" என்றாள்.

"இனி அவ சுத்த வேண்டாம். நாஞ்சுத்திக்கறேன்" என்றார் அப்பா.

சொன்னபடி, தறியை விட்டு இறங்கிய பிறகு தார் சுற்றும் ராட்டையின் முன்னால் அவரே உட்கார்ந்தார். நெய்து ஓய்ந்த கை. நூல் அடிக்கடி அறுந்தது. பள்ளிக்கூடத்திலும் தொடவிடவில்லை, வீட்டிலும் தொடவிடவில்லை. என் கை நூலுக்கு லாயக்கில்லை என்று அப்பா முடிவு கட்டிவிட்டார், அதை வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் எனக்கென்று வேறு என்னதான் இருந்தது?

அப்பா தறிக்குப் பாவு நூல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று ராட்டையில் உட்கார்ந்தேன். அவர் திரும்பி வரும்போது கூடை நிறையத் தார் இருந்தது. அப்பா ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார்.

"இத்தனையும் நீயா சுத்துன?"

"ஆமாங்கப்பா."

"இத்தனை நெருக்கம் உங்கம்மாளுக்குக்கூட வராது, கண்ணு."

மெச்சிப் பேசுகிறவர் முகம் ஏன் அப்படிச் சுண்டிப்போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் இறுக்கமாகச் சுற்றினால் சிரிப்பார் என்று அடுத்த குழலை எடுத்து மாட்டினேன்.