மனைவிக்குத்தான் அனுமதி

சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் என் மனைவி நர்ஸாக இருந்தாள். பட்டாசுக் கம்பெனிகளில் தீப்பட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, தீக்காயத்துக்குக் கட்டுப் போடுவதில் அவளுக்குக் கை பழகியிருந்தது. அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளை மூன்று வருஷ வேலைக்குக் கூப்பிட்டது. அங்கே வேலை செய்ய அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். நர்ஸ் என்பதால் அவளுக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. நான் ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கூடவே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

சென்னையில் இங்கிலாந்து அரசாங்க அலுவலகத்து அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். புருஷன் வேலைக்குப் போனால் மனைவி பின்னால் போகலாம், மனைவி போனால் புருஷன் அப்படிப் போக முடியாது, எனக்கென்று தனிச் சீட்டு வேண்டும் என்றார். தமிழ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை? எழுதிப் போட்டுப் பார்த்தேன். இல்லை என்று வந்தது.

அவள் போகமாட்டேன் என்றாள். நான்தான் போகச் சொன்னேன். ரயில் ஜன்னல் வழியாக, "தனியா இருந்துக்கிடுவீகளா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய், கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, பெண்கள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகினேன். உங்கள் மனைவி எப்போது உங்களை அங்கே கூப்பிட்டுக்கொள்வார் என்று கேட்டவர்களுக்கு முதலில் சட்டத்தை விளக்கினேன். அப்புறம் சீக்கிரம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

ஒரு தீபாவளி சீசனில் எம். புதுப்பட்டிக்காரர் ஒருவர், கை வெந்த பெண்சாதியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நர்ஸம்மா இருக்காகளா? முன்னால ஒருக்கா அவுகதான் கட்டுப் பிரிச்சாக. இவ அவுக கைதான் வேணும்ங்கா."

அவள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் நம்பாமல் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நானே அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கட்டுப் போட்டு முடிகிறவரை அந்த மனுஷர் பெண்சாதியின் தலையைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் முடிந்ததும் அவள் திரும்பினாள். இன்னும் இருக்கச் சொன்னார்களாம், மறுத்துவிட்டாளாம். விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கியவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. சிவகாசி வருகிறவரை பஸ்ஸில் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். பழைய பேச்சு திரும்பி வர அந்த வருஷத்து மழைக்காலம் ஆயிற்று.