அண்ணனுக்கு வாசித்த சனிக்கிழமைகள்

அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. லுக்குட் ஊரில் ஒரு கடை வரிசையில் அந்த நிலையம். செவ்வாயும் வியாழனும் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுவார். சனிக்கிழமை நான். இயந்திரத்தோடு கட்டிப்போட்டதுபோல் நான்கு மணி நேரம். அதற்காகவே வாரம் முழுவதும் கைப்பேசியில் நல்ல கட்டுரைகளாகச் சேர்த்து வைப்பேன். ஆங்கிலத்திலும் மலாய் மொழியிலும் இருப்பதைத் தமிழில் சொல்வேன். ஆழ்கடலில் கண்டுபிடித்த மீன், ஏதோ ஒரு நாட்டுத் தேர்தல், உருகும் பனிமலை.

அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். கோலா சாவா பக்கம் தோட்டத்தில் முப்பது வருஷம் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். கேள்வி மட்டும் ஓயாது.

"மீனுக்குக் கண்ணே இல்லன்னா சோடிய எப்படிலா தேடும்?"

தெரியாது என்றால், அடுத்த வாரம் பார்த்துவரச் சொல்வார்.

கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான். தூரத்தில் ஒரு போர். அங்கே பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்ததை நான்தான் வாசித்திருந்தேன்.

"அந்தச் சண்டை நின்னுச்சாம்மா?"

மாதக்கணக்கில் இல்லை என்றே சொன்னேன். புண் ஆறாமல் கால்விரலை எடுத்துவிட்டு வந்த வாரமும் கேட்டார். முகம் வற்றிக் கிடந்தது.

"நின்னுருச்சுண்ணே" என்றேன்.

மறு சனிக்கிழமை நான் கைப்பேசியை எடுத்ததும் அவர் சொன்னார்.

"நிக்கலையாமே. பக்கத்துக் கட்டில்காரரு போன்ல காட்டுனாரு."

"நீங்க கஷ்டப்படுறீங்கன்னுதாண்ணே..."

"கஷ்டம் எனக்குத் தெரியாததா? இத்தன நாளு படிச்சதுல எதும்மா நெசம்?"

மற்றதெல்லாம் நிஜம் என்றேன். "சரி, விடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்று வாசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அவர் கேட்கவில்லை, நானும் தொடங்கவில்லை. அதற்கடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்கத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரர் வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க வராத நாள்ல, நீங்க படிச்சதையெல்லாம் எங்களுக்குச் சொல்வாரு. யாராச்சும் நம்பலன்னா, 'என் தங்கச்சி பாத்துப் படிச்சது, தப்பா இருக்காது'ம்பாரு. சண்டை நின்னுருச்சுன்னு ஊசி குத்துற நர்ஸ் மிஸ்ஸிகிட்டகூட சந்தோசமா சொன்னாரு. அன்னிக்கு நான் போன்ல அதக் காட்டியிருக்கக் கூடாதுங்க."

அவர்மேல் தவறில்லை. அதைக்கூட அவரிடம் சொல்லாமல், வந்தவர்களுக்குத் தேநீர் எடுக்கப் போனேன்.