ஏணி கேட்ட மாத்து

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் ஏணி என்றால் ஒரு மனிதரைத்தான் குறிக்கும். சுவரோரம் மாட்டியிருக்கும் நிஜ ஏணிகளைப் பெரிசு, சின்னது என்று சொல்லிக்கொள்வார்கள். குழப்பம் வரக் கூடாதே. பெயரைக் கேட்டு ஆள் நெட்டையாக இருப்பார் என்று நினைக்க வேண்டாம். நடுத்தர உயரம், ஒட்டிய வயிறு. 'ஏறு' என்று அதிகாரி சொல்லி வாயை மூடுவதற்குள் மூன்றாவது படியில் நிற்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவருடைய அப்பா ஒரு பட்டறையில் வண்டிகளுக்கு வர்ணம் அடித்தவர். அப்பாவையும் சேர்த்துப் பிறந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு வீட்டிலும் மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் ஏணிதான். அதனால் பெரியப்பா மகன்களுக்கு வேலை தேடுவதிலிருந்து, சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது, அத்தையின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்துக் கிடப்பது வரை எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவரும் சலித்துக்கொண்டதில்லை. யார் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. யாரிடமும் போய்க் கேட்டதும் இல்லை. முதலாவதை எல்லாரும் நல்ல குணம் என்பார்கள். இரண்டாவதை அவர் மனைவி மட்டும் கெட்ட பழக்கம் என்பார்.

அந்த அம்மா ஒரு தையல் கூடத்தில் காஜா எடுப்பவர். அவருடைய பெரியம்மா மகன் ஒருவருக்கும் அதே தீயணைப்பு நிலையத்தில்தான் வேலை. ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. அவருக்குப் பெயர் குட்டை. பெயர் வைத்தவர்களின் குறும்பு அது. தங்கைக்கு ஏணியைப் பார்த்துவைத்ததே குட்டைதான். முறைப்படி இவருக்கு அவர் மச்சான், அவருக்கு இவர் மாப்பிள்ளை. வீட்டில் மட்டுமா? வேலையிலும் இருபத்திரண்டு வருஷம் ஒரே குழாயைப் பிடித்தவர்கள். முன்னால் ஏணி, பின்னால் குட்டை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நிலையத்துக்குள் யாரும் 'முடியாது' என்று சொல்லக் கூடாது. தவறி வாயில் வந்துவிட்டால், அன்றைக்கு வேலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் டீ வாங்கித் தர வேண்டும். தண்ணீர் வண்டியைச் சந்துக்குள் திருப்ப முடியுமா என்று கேட்டால், திருப்பிடலாம் என்பார்கள். பிறகு சுவரை இடித்துக்கொண்டு நிற்பார்கள். அது வேறு.

ஆனால் குழாய் பிடிப்பவனுக்கும் கை ஓயும், மூச்சு வாங்கும். தண்ணீர் பாயும்போது குழாய் முனை மாடு திமிறுவது மாதிரித் திமிறும். அப்போது முன்னால் நிற்பவன் "மாத்து" என்று ஒரு குரல் கொடுப்பான். பின்னால் நிற்பவன் அவன் இடது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் வந்து முனையை வாங்கிக்கொள்வான். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. 'முடியாது' என்றால் டீ. 'மாத்து' என்றால் ஒன்றுமில்லை. அந்தச் சொல்லில் யாருக்கும் மானம் போனதில்லை.

மெத்தைக் கிடங்கு எரிந்த அன்று ஏணி அதைச் சொல்லவில்லை.

காலை பத்து மணி இருக்கும். கிடங்குக்குள்ளே ஏணி, வாசலில் குழாயைத் தாங்கிக்கொண்டு குட்டை. மெத்தைப் பஞ்சு எரிந்தால் வரும் புகை சாதாரணப் புகை இல்லை. கறுப்பாக, கனமாக, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதுகில் மாட்டியிருந்த மூச்சுக் கருவியில் காற்று தீரப்போவதைச் சொல்லும் விசில் ஏணியின் காதில் விழுந்தது. மாத்து கேட்டிருக்க வேண்டிய நேரம். ஆனால் அன்று காலை குட்டை காய்ச்சல் மாத்திரை விழுங்கியதை அவர் பார்த்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் நெஞ்சில் பாதியைத் தின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். திரும்பி வந்ததும் ஆறு மாதத்துக்கு லேசான வேலை என்று தொலைபேசி அறையில் உட்காரவைத்தார்கள். கூப்பிடுகிறவர் விலாசத்தைச் சொல்ல, இவர் அதைத் திருப்பிச் சொல்வதற்குள் இரண்டு முறை இருமுவார். ஒரு தடவை மறுமுனையில் இருந்த பெண்மணி, "ஐயா, அங்கேயும் புகையா?" என்று கேட்டுவிட்டார். நிலையமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஏணியும் சிரித்தார், சிரித்ததில் மறுபடியும் இருமினார்.

ஆறு மாதம் முடிகிற நேரத்தில் நிலையத்தின் எழுத்தர், எல்லாருக்கும் ரைட்டரம்மா, ஏணியையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஒன்று, பணியில் அடிபட்டதற்கான நிவாரணம்; அது மாதாமாதம் வரும். இரண்டு, ஊழியர் நலநிதியிலிருந்து மகளின் படிப்புக்கு உதவி. மகள் அப்போதுதான் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் முதல் வருஷம். மூன்று, குடியிருக்கும் அரசாங்க வீட்டை மகள் படிப்பு முடியும்வரை காலி செய்யாமல் இருக்கலாம். மூன்றுக்கும் தேவை ஒரே காகிதம்தான். மருத்துவக் குழு பார்த்து, இவர் தீயணைப்பு வண்டியில் பணிக்குப் போக இயலாதவர் என்று எழுதித் தர வேண்டும்.

"மூணு பூட்டுக்கும் சாவி ஒண்ணுதான். தொலைச்சிடாதீங்க" என்றார் ரைட்டரம்மா.

ஏணிக்கு அந்தப் பேச்சே கசந்தது. நலநிதி என்றால் தர்மக் காசுதானே, கை ஏந்துகிற மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்தார். ரைட்டரம்மா வாதம் செய்யவில்லை. அலமாரியைத் திறந்து அவருடைய பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்து, கடைசிக்கு முந்தின வரியில் விரலை வைத்தார். நலநிதிப் பிடித்தம். வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்து பிடித்திருக்கிறார்கள். ஏணி ஒரு நாளும் அது என்ன என்று கேட்டதில்லை.

"தண்ணி வண்டி டிரைவர் செத்தப்போ அவர் சம்சாரத்துக்கு இதுலேருந்துதான் போச்சு. அந்தம்மாவ நீங்க பிச்சைக்காரின்னா சொன்னீங்க?"

ஏணி சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குழுவின் முன்னால் போன நாளில் அவர் தனியாகத்தான் போனார். மனைவிக்குத் தையல் கூடத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. அறையில் ஒரு பெரிய டாக்டர், பக்கத்தில் இரண்டு பேர். ஏடுகளைப் புரட்டிவிட்டுப் பெரிய டாக்டர் நிமிர்ந்து, மாடிப்படி ஏற முடியுமா என்று கேட்டார்.

அவர் எதிர்பார்த்தது வாய்ப்பதிலைத்தான். ஏணியின் காதில் விழுந்தது 'ஏறு' என்ற சொல். "ஏறிடலாம் சார்" என்றார். சொல்லும்போதே எழுந்துவிட்டார். வெளியே இருந்த படிக்கட்டில் இரண்டு மாடி ஏறி, இறங்கி, வாயை இறுக மூடிக்கொண்டு வந்து நின்றார். எப்படி இருக்கிறது என்றதற்கு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் காகிதம் வந்தது. 'இரண்டு மாடி ஏறி இறங்கினார். பணிக்குத் தகுதியானவர்.'

மனைவி அதை இரண்டு முறை படித்தார். கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஏறினதுக்குக் கப்பு எதுவும் குடுத்தாங்களா? அலமாரியில எடம் பண்ணணுமே" என்றார்.

ஏணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முப்பது நாளைக்குள் ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம் என்று ரைட்டரம்மா சொன்னார். மனுவை அவரே எழுதி அனுப்பினார். அதன் பிறகு வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி டாக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "படி ஏற முடியுமா?" என்பார். ஏணி, "கொஞ்சம் மெதுவா..." என்பார். "மெதுவாவும் கிடையாது, வேகமாவும் கிடையாது. முடியாதுன்னு சொல்லுங்க." ஏணி வாயைத் திறப்பார், 'மு' வரைக்கும் வரும். மகள் படிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு கட்டத்தில் மனைவிக்கே சிரிப்பு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கண்ணைத் துடைத்தது சிரிப்பால்தானா என்று ஏணிக்குத் தெரியவில்லை.

அவர் மனதுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தகுதியானவர் என்றே எழுதிவிட்டார்கள். பேசாமல் வண்டியில் ஏறிவிட்டால் என்ன? ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம். மகள் படிப்பு மூன்று வருஷம்தான். எந்தக் காகிதமும் வேண்டாம், யார் வாயையும் பார்க்க வேண்டாம். மெத்தைக் கிடங்கு தினமுமா எரிகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டை வந்தார். தங்கை வைத்த தண்ணீரைக் குடித்தார், மருமகளிடம் படிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். நிலையத்துப் பலகையில் அடுத்த மாதத்துப் பட்டியல் எழுதிவிட்டார்கள் என்று குட்டை சொன்னார். தகுதியானவர் என்று காகிதம் வந்ததால் ஏணியின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். முன்னால் ஏணி, பின்னால் குட்டை. பழைய மாதிரியே.

"நல்லதுதானே மச்சான்" என்றார் ஏணி.

குட்டை, இருபத்திரண்டு வருஷத்தில் கேட்கக் கூடாது என்று இருந்ததைக் கேட்டார்.

"அன்னிக்கு ஏன் மாப்ளே மாத்து கேக்கல?"

ஏணி படியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து உடைத்தார்.

"எனக்குக் காய்ச்சல்னு பாத்த. அதானே?"

"மாத்திரை போட்டிருந்தியே மச்சான்."

"சத்தத்துல உன் விசில் எனக்குக் கேக்கல. நீ கூப்பிடுவேன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். என் சிலிண்டர்ல பாதிக்கு மேல காத்து இருந்துது. காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிடுச்சு." குட்டை அவர் பக்கம் திரும்பினார். "நீ கேக்கவே மாட்டேன்னா, பின்னால நிக்கறவன் எதுக்கு நிக்கறான்? அதச் சொல்லு."

குட்டை பதிலுக்காக உட்கார்ந்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கையிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மீதி நாள் முழுக்க ஏணி அந்தப் படியிலேயே இருந்தார். தன்னால் முடிகிறதா இல்லையா என்றே இத்தனை நாளும் யோசித்திருக்கிறார். கிடங்கு வாசலில், புகைக்கு வெளியே, எப்போது கூப்பிடுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதனைப் பற்றி யோசித்ததே இல்லை. தான் உள்ளே விழுந்தால் அவன்தான் உள்ளே வருவான். அன்றைக்கும் அவன்தானே இழுத்துக்கொண்டு வந்தான்? அடுத்த முறை இழுக்க வருபவனும் விழுந்தால், தன் மனைவியும் குட்டையின் மனைவியுமாக இரண்டு பெண்கள் ரைட்டரம்மாவின் அலமாரி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் முறை மனைவி கூடவே போனார். காஜா வேலையில் அரை நாள் கூலி போனால் போகட்டும் என்றுவிட்டார். குட்டையும் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்தார். அதே அறை, அதே பெரிய டாக்டர்.

"போன தடவை ஜம்முனு ஏறினீங்களே, இப்போ என்ன?" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். "இப்போ படி ஏற முடியுமா?"

ஏணியின் கால்கள் அவரைக் கேட்காமலே தரையில் ஊன்றின. இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பியும்விட்டது. பக்கத்தில் இருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டார். ஏணி அப்படியே அரைகுறையாக நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"மாத்து சார்" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன மாற்ற வேண்டும், மருந்தையா என்று கேட்டார். ஏணி சொன்னார். குழாய் முனை எப்படித் திமிறும், முன்னால் நிற்பவன் எப்போது குரல் கொடுக்க வேண்டும், பின்னால் நிற்பவன் எங்கே தட்டுவான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் நாலு முறை மூச்சுக்கு நிறுத்தினார். போன முறை மாதிரி அதை மறைக்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த நிறுத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"படி ஏறிடுவேன் சார். ஏறினதும் என்னால ஒண்ணும் ஆகாது. என் பின்னால ஒருத்தன் நிக்கறான். என்னை நம்பி அவன நிக்க வெக்காதீங்க."

டாக்டர் கருவியை எடுத்து அவர் முதுகில் வைத்துக் கேட்டார். ஊதச் சொன்னார். படியைப் பற்றி மறுபடி பேசவில்லை. கடைசியில், "இந்த மாத்து, கீத்து எல்லாம் எழுத இதுல எடம் இல்லீங்க. 'வண்டிப் பணி செய்ய முடியாது'ன்னுதான் எழுதணும். சம்மதமா?" என்றார்.

"நீங்க எழுதுங்க சார்" என்றார் ஏணி.

வெளியே வந்ததும் மனைவி, அண்ணனிடம் நடந்ததைச் சொன்னார். குட்டை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ முடியாதுன்னு சொன்னது டாக்டரு. டீ அவர் தலையில" என்றார்.

ஏணி சிரித்தார், இருமினார். மருத்துவ ஏடுகள், எக்ஸ்ரே, ரைட்டரம்மாவின் மனு, மடித்த சம்பளச் சீட்டு எல்லாம் சேர்ந்த கனமான கட்டு ஒன்று அவர் கையில் இருந்தது. அதை அடுத்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அலுவலகம் இரண்டாவது மாடியில். படிக்கட்டின் அடியில் அவர் நின்றுவிட்டார்.

பின்னால் வந்த குட்டை அவருடைய இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினார். காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போனார்.