பேட்டரிக்காரியின் ஐம்பத்து மூன்று நாட்கள்

கப்பல் தளத்தில் அவளைப் பேட்டரிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நீர்மூழ்கிக் கப்பலின் அடிவயிற்றில் ஆள் உயரப் பேட்டரிகள் இருநூற்றுச் சொச்சம் நெருக்கியடித்து நிற்கும். கப்பல் துறையில் நிற்கும்போது அவற்றின் தலைமேல் ஒரு பலகையில் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது அவள் வேலை. மோதிரம், தோடு, ஹேர்பின் எதுவும் கூடாது. ஒரு பொறி பறந்தால் போதும், கதை முடிந்துவிடும்.

அதே கப்பலில் அவள் கணவர் சமையல்காரர். அலமாரி அளவு அடுக்களையில் நின்றுகொண்டு ஐம்பது பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிற மனிதர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது.

"உங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரா, கரையிலயா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "கடலுக்கு அடியில" என்பாள். கேட்டவள் சிரிப்பாள். இவளும் கூடச் சிரித்து வைப்பாள்.

முன்பெல்லாம் கப்பல் கிழடு. எதையாவது இழுத்துவிட்டுக்கொண்டு இருபத்தைந்து நாளில் திரும்பி வந்து நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பழுது பார்க்க இரண்டு மாதம் பிடிக்கும். அந்த இரண்டு மாதத்தில்தான் இவர்கள் குடும்பம் நடத்தினார்கள். கப்பலுக்கு வந்த ஒவ்வொரு நோவுக்கும் அவள் மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறாள். வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடும்.

அப்புறம் படைகளை நவீனமாக்கும் திட்டம் வந்தது. புது விமானம், புது ஏவுகணை, புது ரேடார் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் பட்டியலின் கடைசியில் இந்தக் கப்பலும் இருந்தது. கரையேற்றி, வயிற்றைப் பிளந்து, இயந்திரத்தையும் உணவுச் சேமிப்பறையையும் மாற்றினார்கள். பேட்டரிகளும் புதிதாக வந்தன. ஒன்றரை வருஷம் ஆயிற்று. அவ்வளவு நாளும் அவர் சாயங்காலமானால் வீட்டில் இருந்தார். குளியலறையில் அவர் தொண்டையைச் செருமும் சத்தம் அவளுக்குப் பழகிப்போய்விட்டது. அதுதான் வினையாயிற்று.

"இனிமே இது பழைய வண்டி இல்லம்மா. ஐம்பது நாள் தாண்டியும் அசையாம நிக்கும்" என்றார் ஃபோர்மன், தன் பிள்ளை பாஸான மாதிரி. அவளுக்கும் பெருமைதான். பாதிப் பேட்டரிகளை இணைத்தவை அவள் கைகள். பெருமை ஒரு பக்கம் இருக்க, இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் எத்தனை நாள் கூடுதல் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

கப்பல் எங்கே போகிறது, எப்போது வரும் என்பதெல்லாம் ரகசியம். ஆனால் சமையல்காரரிடம் அதை எப்படி மறைப்பது? மூட்டைகளை எண்ணி ஏற்றுகிறவர் அவர்தானே.

"உருளைக்கிழங்கு எத்தனை மூட்டைங்க?" என்றாள் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே.

"கிழங்கைக் கேக்குறியா, நாளைக் கேக்குறியா?"

"கிழங்கைத்தான்."

அவர் அவள் மடித்த துணியை வாங்கி அடுக்கினார். "நிறைய" என்றார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கடைசிச் சோதனை. நூற்றுப் பதினேழாம் பேட்டரியில் அவள் கை நின்றது. மீட்டர் சரியாகத்தான் காட்டியது. ஓர் எண்ணைக் குறைத்து எழுதினால் போதும், அதைக் கழற்றி மாற்றுவதற்குள் பத்து நாள் ஓடிவிடும். பத்து சாயங்காலங்கள்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" மேலே திறப்பிலிருந்து ஃபோர்மனின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. கண்ணுல வேர்வை."

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு அவர் தலைக்குமேல் ஒரு கடலே நிற்கும். அப்போது அவர் இந்தத் தாளை நம்பித்தான் மின் அடுப்பைப் போடுவார். மீட்டர் காட்டியதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும் பலகையில் நெற்றியைச் சாய்த்துச் சிறிது நேரம் கிடந்தாள்.

மறுநாள் கப்பல் போனது.

வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலிருந்து நாற்பது வார்த்தை அனுப்பலாம். பதில் வராது. கெட்ட செய்தியும் எழுதக் கூடாது. அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். "குழாய் ரிப்பேர் செய்தாயிற்று. நான் நலம். பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டது" என்று எழுதினாள். கட்டிலில் அவர் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது, தன் பக்கம் படுத்தால் வருவதில்லை என்பதை எழுதவில்லை. முன்பின் தெரியாத அதிகாரி அதைப் படிப்பானேன்! இருபத்தைந்தாம் நாள், பழைய வழக்கத்தில், காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் கப்பல் துறைக்கு வந்தது. ஒரு பழுதும் இல்லை. கயிறு கட்டியதும் முதலில் உள்ளே இறங்குவது பேட்டரிக்காரர்கள்தான். ஒருவர்தான் நடக்க முடிகிற அந்த வழியில் அவர் எதிரே வந்தார். தாடி வளர்ந்து, முகம் வெளுத்து, எண்ணெய் வாடையோடு இருந்தார். இருவரும் ஒருக்களித்து நின்றார்கள். பின்னால் ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ம்" என்றாள்.

இருநூற்றுச் சொச்சம் பேட்டரிகளும் கல்லுப்போல இருந்தன. பன்னிரண்டு நாளில் மறுபடி கிளம்பிவிடலாம் என்று ஃபோர்மன் கையைத் தேய்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அங்க பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. ஒருநாள் என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர், அப்படியே தூங்கிப்போனார். மணி நாலுகூட ஆகவில்லை. வெயில் அவர் முழங்காலில் விழுந்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. சொல்லாமல் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருந்தது. பன்னிரண்டு நாள் எந்த மூலைக்கு?

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்க போன அன்னிக்கு சாயங்காலம் மழை வந்துச்சு" என்று தணிந்த குரலில், முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.