பயில்வான் வெளிச்சம்

கோவிந்தப்பனுக்கு மூன்று பாஷையில் ‘அசையாதே’ சொல்லத் தெரியும். ஓசூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஓட்டுக் கட்டடத்தில் அவனுடைய போட்டோ ஸ்டூடியோ. தமிழில் சொல்லிக் கேட்காதவர்களுக்குத் தெலுங்கில் ‘கதலொத்து’, கன்னடக்காரர்களுக்கு ‘அலுகாடபேட’. அப்புறம் கேமராக் குழாயின் ரப்பர் பந்தை ஒரே அழுத்து. படம் விழுந்துவிடும்.

வெளிச்சத்தை அவன் இரண்டு விதமாகப் போடுவான். கல்யாணப் பெண் என்றால் விளக்கை முகத்துக்கு நேராக வைத்து, அதற்கு முன்னால் மெல்லிய மல் துணியைக் கட்டுவான். அம்மைத் தழும்பு இருந்த இடம் தெரியாது. பயில்வான் என்றால் அதே விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோய், உடம்பை உரசுகிற மாதிரி வைப்பான். சதையெல்லாம் வரப்பு வரப்பாக எழுந்து நிற்கும். பக்கத்து வெளிச்சம் பொல்லாதது, ஒரு பருவைக்கூட விட்டுவைக்காது. பயில்வான் வெளிச்சம் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தான்.

விளக்கைவிட முக்கியம் கை. மோவாயைத் தொட்டுத் திருப்ப வேண்டும், தோளைப் பிடித்து இறக்க வேண்டும். ஆண்களுக்கு அவன், பெண்களுக்கு அவன் மனைவி முனிலட்சுமி. தொடாமல் உட்காரவைத்து எடுத்ததெல்லாம் ஒரு படமா என்பான். தொழிலில் அவனுக்கு அப்படி ஒரு மிதப்பு.

ஐம்பத்தாறாம் வருஷம் ஒருநாள், உத்தனப்பள்ளியிலிருந்து திம்மப்பன் என்கிற பயில்வான் படம் எடுக்க வந்தான். அவனுக்கு எண்ணெய் தடவி, நெஞ்சை நிமிர்த்தி, முழங்கையை மடக்கி நிறுத்திவிட்டு, கோவிந்தப்பன் தள்ளி நின்று பார்க்கப் பின்னால் நகர்ந்தான். நகர்ந்தவன் முதுகை விளக்கில் வைத்துவிட்டான்.

“அண்ணே, சட்டை பொசுங்குது,” என்றான் திம்மப்பன், போஸ் கலையாமல்.

பொசுங்கிய நாற்றம் மூக்குக்கு வந்தது. முதுகுக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்நூறு வாட் பல்பு எரிகிற தகரக் கூண்டு, தோசைக்கல் மாதிரி கொதிக்கிற சாமான். சட்டையில் ஓட்டை விழுந்து, உள்ளே தோல் கொப்பளித்திருந்தது. வலி மட்டும் இல்லை.

“உங்களுக்கு இரும்பு உடம்புண்ணே,” என்று பயில்வான் மெச்சிக்கொண்டான். கோவிந்தப்பனுக்கு முனிசாமி ஞாபகம் வந்தான்.

சூளகிரிச் சந்தையில் வெற்றிலை விற்ற முனிசாமியை அவனுக்குத் தெரியும். சூடே தெரியாமல் அடுப்புத் தணலைக் கையாலேயே எடுத்து முனிசாமி பீடி பற்றவைத்தபோது ஊரே சிரித்தது. அது பெரிய வியாதி, குஷ்டம், என்று தெரிந்ததும் அதே ஊர் அவனை ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு குடிசையில் கொண்டுபோய்த் தள்ளியது. பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நம் ஜனங்களைத் தெரியாதா? காய்ச்சலுக்குக் கஷாயம் கொண்டுவருகிறவர்களே இதற்குக் கல்லை எடுத்துக்கொண்டு வருவார்கள். தன் முதுகில் இருப்பதும் அதுவானால், வீட்டுப் பெண்களின் மோவாயைத் தொட முனிலட்சுமியைத்தான் எவன் விடுவான்? அந்த முனிலட்சுமியே பக்கத்தில் இருப்பாளா?

அன்றிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றது. முனிலட்சுமி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால் சளி என்பான், தலைவலி என்பான். படம் கழுவுகிற வேலை இருப்பதாகச் சொல்லி ஸ்டூடியோவிலேயே பாயைப் போட்டுக்கொண்டான். தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கினான். வருகிறவர்களைத் தொடாமல் வாயாலேயே திருப்பப் பார்த்ததில் படமெல்லாம் கோணல்மாணலாக வந்தது.

ஒருவேளை வெறும் தேமலாக இருக்கலாம். ஸ்டூடியோக் கண்ணாடியில் கழுத்து சுளுக்கிக்கொள்கிற அளவுக்குத் திரும்பிப் பார்த்தான். ரசம் போன கண்ணாடியில் அரைகுறையாகத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் இப்படியே செத்துச் செத்துப் பிழைத்தான். கடைசியில், முனிலட்சுமி காய் வாங்கப் போன ஒரு சனிக்கிழமைப் பகலில் கதவைத் தாழ்போட்டான்.

முக்காலியில் ஒரு துடைப்பத்தை நிறுத்திக் கேமராவைச் சரிபார்த்தான். கண்ணாடிப் பிளேட்டைச் செருகினான். சட்டையைக் கழற்றிவிட்டு, துடைப்பம் இருந்த இடத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் சுவர். பயில்வான் வெளிச்சம்தான். நீளக் குழாயின் நுனியிலிருந்த ரப்பர் பந்தை அழுத்தினான்.

விளக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் இருட்டறைக்கு ஓடினான். பிளேட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும், வெளுப்பு கறுப்பாகும், கறுப்பு வெளுப்பாகும். சிவப்பு விளக்கடியில், மருந்துத் தட்டில், முதலில் தோள் எழுந்தது. பிறகு நடுமுதுகு, விலா. அதற்கப்புறம் இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு, அதாவது தோலில் வெளுப்பு. ஓரமெல்லாம் வரைந்து வைத்த மாதிரி இருந்தது. தேமலுக்கு ஏது இப்படி ஓரம்?

மருந்தில் அலசிய பிளேட்டோடு அவன் வெளியே வருவதற்கும், கதவு தடதடவென்று ஆடுவதற்கும் சரியாக இருந்தது.

“யாரை உள்ள வெச்சுக்கிட்டுத் தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க?” முனிலட்சுமியின் குரல்.

திறந்தான். சட்டையில்லாமல் நின்றவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தாள். இருட்டறையில் பார்த்தாள். “எங்க அவ? ரெண்டு மாசமாப் பக்கத்துலயே வர்றதில்ல. நான் என்ன ஒண்ணும் தெரியாதவளா?”

அவன் பிளேட்டை நீட்டினான். பிளேட் பார்ப்பது அவளுக்குப் பழகின வேலை. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“இது உங்க முதுகு,” என்றாள்.

“விளக்கு சுட்டது தெரியல. முனிசாமிக்கு வந்ததுதான். கிட்ட வராத, ஒட்டிக்கும். உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு.”

அவள் முகம் செத்துப்போயிற்று. பயமில்லை என்று சொன்னால் பொய். பிளேட்டை மேஜையில் வைத்ததும் அவள் விரல்களைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டதை அவன் பார்த்தான்.

“பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம். அங்க நம்மள யாருக்கும் தெரியாது,” என்றாள். “இப்பல்லாம் அதுக்கு மாத்திரை இருக்குன்னு சொல்றாங்க. முதல்ல ஒக்காருங்க.”

“எதுக்கு?”

“இன்னைக்குச் சனிக்கிழமை.”

அவள் போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். அவன் அதே முக்காலியில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். காலடி பின்னால் வந்து நின்றது. கிண்ணத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. முதுகில் கை விழும் விழும் என்று காத்திருந்தான். விழவில்லை.

அவ்வளவுதான், அவளால் முடியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, போகட்டும். அவள் கதவுப் பக்கம் நடக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு மூச்சை அடக்கினான். தாங்க முடியாமல் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

அணைக்காமல் விட்ட விளக்கில், சுவரில் இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. குனிந்திருந்த நிழலின் முதுகில் நின்றிருந்த நிழலின் கை ஒட்டியிருந்தது. அந்தக் கை ஒரே இடத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. எப்போது தொட ஆரம்பித்தாளோ, அவனுக்குத்தான் தெரியவில்லை.