நண்டிடம் சொன்ன குறை

புதுமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில், வேகவைத்த நண்டைக் கத்தியால் உடைத்துச் சதை எடுக்கும் வேலை எனக்கு. மேனேஜர் கோயம்புத்தூரிலிருந்து வந்த சின்ன வயசுப் பிள்ளை. "ஏதாவது குறை இருக்கா?" என்று அவர் கேட்டால், "ஒண்ணுமில்ல சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். அவர் முதுகைத் திருப்பியதும் குறையெல்லாம் வெளியே வரும்.

பக்கத்தில் நின்ற கதீஜா ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. நின்று நின்று கால் வீங்கிவிட்டது.

"ஒரு ஸ்டூல் கேளுடி."

"வேணாம் பெரியம்மா. முடியாதவ வீட்டுக்குப் போன்னு நிப்பாட்டிருவாக."

எங்கள் ஊரில் மாமியாரிடம் சொல்ல முடியாததை ஆட்டுக்குட்டியைத் திட்டுவதுபோல் ஜாடையாகச் சொல்வோம். மேனேஜர் எங்கள் மேசைப் பக்கம் வந்ததும் கையிலிருந்த நண்டைத் தூக்கினேன்.

"ஏ நண்டே, ஒனக்குப் பத்துக் காலு, எம்புட்டு நேரமும் நிப்ப. இவளுக்கு ரெண்டுதான். வயித்துல கெடக்கறது எறங்கி வந்து முட்டுக் குடுக்குமா?"

மேனேஜர் நின்றார். திரும்பி விடுவிடுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

"போச்சு பெரியம்மா" என்று கதீஜா அழுதாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் தன் நாற்காலியையே தூக்கி வந்து அவளுக்குப் போட்டார். பிறகு என் நண்டைப் பார்த்து, "நண்டே, நேரா சொன்னா நான் கடிக்க மாட்டேன்னு இந்தப் பாட்டிகிட்டச் சொல்லு" என்றார்.

"அவ காலு வீங்கிக் கெடக்கறதப் பாத்து நீங்களே கேக்கக் கூடாதா சார்?"

"இத்தனை பேர் கையில கத்தியோட நிக்கறீங்க. கிட்ட வந்து கேக்க எனக்குப் பயம் இருக்காதா பாட்டி?"

நாங்கள் பயந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளையும் பயந்திருக்கிறது, பாவம். இப்போது எதையும் நேராகவே சொல்கிறேன். சொல்லும்போது கத்தியை மட்டும் கீழே வைத்துவிடுகிறேன்.